சாய்ந்த எழுத்துக்கு ஆசைப்பட்ட மயில்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் மரங்கொத்தி ஒன்று இருந்தது. பிள்ளைகளே, அங்கே யாருக்கு அறிவிப்புப் பலகை வேண்டுமென்றாலும் அதனிடம்தான் போக வேண்டும். சரியான பிடிவாதக்காரப் பறவை. கொத்த உட்கார்ந்தால் முடிக்காமல் எழாது.

அதனிடம் இரண்டு வகை எழுத்து உண்டு. ஒன்று மெல்லியது, நேராக நிற்பது. வழி காட்டவும், எந்த வளை யாருடையது என்று சொல்லவும் அது போதும். மற்றொன்று தடித்தது, வலப்பக்கம் சாய்ந்தது. ஓடி வந்து கூப்பிடுவது போல இருக்கும். ஆனாலும் விழாது. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சின்னப் பாதம் ஒன்று வைத்து அதை ஊன்றி நிற்கச் செய்திருந்தது மரங்கொத்தி. அந்த எழுத்தை ஆபத்துக்கு மட்டுமே கொத்தும்.

மயிலுக்கு அதன் மேல் ஆசை வந்தது.

"அண்ணா, என் ஆட்டத்துக்குப் பலகை வேண்டும். அந்தக் கொழுத்த, சாய்ந்த எழுத்தில்!"

"உன் ஆட்டத்தைப் பார்த்தால் யாருக்காவது கால் முறியுமா?"

"முறியாது."

"அப்படியானால் மெல்லிய எழுத்தே போதும்."

மயிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகக் குரங்கிடம் போனது. எதைப் பார்த்தாலும் அப்படியே செய்துவிடும் குரங்கு. "மயில் இன்று ஆடும்", "மயில் நாளையும் ஆடும்" என்று ஆற்றுக்குப் போகும் வழி நெடுகப் பதினோரு பலகைகள் முளைத்தன. எல்லாம் தடித்த, சாய்ந்த எழுத்து.

ஒருநாள் பெருமழை பெய்து ஆற்றுத்துறை புதைசேறாகிவிட்டது. விடிந்ததும் மரங்கொத்தி அங்கே ஒரு பலகை வைத்தது: "சேறு! இறங்காதே!"

மதியம் ஒரு கலைமான் வந்தது. பலகையைத் தாண்டி இறங்கி வயிறு வரை புதைந்தது. நல்லவேளை, யானை ஓடி வந்து இழுத்துப் போட்டது.

"பலகையைப் பார்க்கவில்லையா?" என்றது மரங்கொத்தி.

"பார்த்தேன். அதுவும் மயிலாட்டம்தான் என்று நினைத்தேன். ஐயோ, என் கூட்டம் பின்னால் வருகிறது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் கால் சுளுக்கிக்கொண்டது. குட்டிகள் தாகத்தில் முன்னால் ஓடி வருமே!"

"நான் குறுக்கே நிற்கட்டுமா?" என்றது யானை.

"உன்னைக் கண்டால் மிரண்டு சேற்றிலேயே பாயும்" என்றது மான்.

மரங்கொத்தி முதல் பலகையில் போய் உட்கார்ந்து, மயிலின் எழுத்துகளைக் கொத்தி எடுக்கத் தொடங்கியது.

மயில் ஓடி வந்தது. "ஒன்றையாவது விட்டுவிடேன்!"

"அந்த ஒன்றைப் பார்க்கிற குட்டி, அடுத்ததையும் ஆட்டம் என்றுதான் நினைக்கும். தள்ளி நில்."

ஏழாவது பலகையில் அலகு வீங்கியது. ஒன்பதாவதில் ரத்தம் கசிந்தது. உயிர் போகிற வலி. ஆனாலும் நிறுத்தவில்லை. பதினோராவது பலகை வெறும் கட்டையானபோது குளம்புச் சத்தம் கேட்டது.

எல்லோருக்கும் முன்னால் ஒரு குட்டி துள்ளி ஓடி வந்தது. துறைக்கு நான்கடி முன்னால் அந்தத் தடித்த எழுத்து கண்ணில் பட்டது. சட்டென்று நின்று, திரும்பிக் கத்தியது:

"அம்மா, சேறு! யாரும் இறங்காதீர்கள்!"

நீதி: எல்லாவற்றையும் அழுத்திச் சொன்னால், அவசியமானது கண்ணில் படாமல் போகும்.