சுரைவிதைக்கு ஒரு நட்சத்திரம்

"ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுட்டா, அம்மா," என்றார் ஆவுடையப்பன்.

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "யாரு?"

"ஆவடியில ஒரு பொம்பள. பிரிசில்லான்னு பேரு. எங்கிட்ட விதை வாங்கினவ."

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், சாமியம்மா குடியிருந்த ஓட்டு வீட்டை ஊர்க்காரர்கள் மடம் என்றார்கள். அவர் அப்படிச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் சாமியம்மாவைவிட மூத்தவர். சாமியம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் சாமியம்மாவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

பீடிக் கம்பெனி வேலையை விட்டபிறகு ஆவுடையப்பன் சொந்த நிலத்தில் நாட்டுக் காய்கறி போட்டு, விதையெடுத்து, ஆன்லைனில் விற்றுவந்தார். மாடித்தோட்டக்காரர்கள் அவர் கடையைத் தேடி வாங்கினார்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும் 'எங்கள் தோட்டத்தில் விளைந்தது' என்று அச்சடித்திருந்தார். குறை சொல்லி யாரும் எழுதியதில்லை. இந்தப் புரட்டாசி வரைக்கும்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார் சாமியம்மா.

ஆவுடையப்பன் வேறு எதையோ சொன்னார். அந்த ஒரு நட்சத்திரம் வந்ததிலிருந்து ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டதாம். கடையைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் பட்டதாம்.

"என்ன எழுதியிருக்காங்க?"

அவர் மச்சினன் பேச்சை எடுத்தார். அவன் யோசனைப்படி சொந்தக்காரர்களை எல்லாம் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டாராம். அதில் ஒருவருக்குக்கூடத் தோட்டம் கிடையாது. அந்தப் பாராட்டுகளுக்கு அடியில் அவள் எழுதியது இப்போது எங்கேயோ போய்விட்டதாம். அவளுக்குப் பதிலும் எழுதிவிட்டாராம், 'இது போட்டியாளர் யாரோ வேண்டுமென்றே எழுதிய பொய்' என்று.

"அப்படியும் மனசு அடங்க மாட்டேங்கு. ஒரு மந்திரம் இருந்தா குடுங்கம்மா."

சாமியம்மா கீரையைத் தள்ளி வைத்தார்.

"அதை வாசிங்க."

ஆவுடையப்பன் போனை எடுத்துத் தேடினார். நிறையத் தள்ளவேண்டியிருந்தது. பிறகு வாசித்தார்.

"விதை நன்றாக முளைத்தது. கொடியும் நன்றாகப் படர்ந்தது. முதல் காயை என் மாமனாருக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். கசக்கிறது என்றார். சர்க்கரை வியாதிக்குக் கசப்பு நல்லதுதானே என்று அவரே முழுதும் குடித்துவிட்டார். அன்று மத்தியானமே ரத்தமாக வாந்தி எடுத்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சுரைக்காய் கசந்தால் அது விஷம் என்று டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து இந்த விதையை வாங்காதீர்கள்."

வாசித்து முடித்ததும் அவர் குரல் இறங்கியிருந்தது. அந்த ஒற்றை நட்சத்திரத்தை எத்தனையோ தடவை பார்த்திருந்தார். கடைசி வரி வரைக்கும் வாய்விட்டு வாசித்தது இப்போதுதான்.

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"தெரியல."

"அது உங்க தோட்டத்து விதையா?"

வெளியே யாரோ குடத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் போனை மடியில் கவிழ்த்துவைத்தார்.

"பாதி."

"மீதி?"

ஆடிப்பட்டத்தில் கேட்டவர்கள் அதிகம் என்றார். கையிருப்பு தீர்ந்துபோனது. இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சந்தையில் ஒருவரிடம் சுரைவிதை கொஞ்சம் வாங்கி, தன்னுடையதோடு கலந்து, தன் பொட்டலத்திலேயே போட்டு அனுப்பிவிட்டார். சுரைவிதையில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தார். பேய்ச்சுரைக்கொடி பக்கத்தில் இருந்து மகரந்தம் கலந்தால் விதை பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், காய்த்த பிறகுதான் கசக்கும். அது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. தன் தோட்டத்துப் பூக்களில் வேற்று மகரந்தம் படாமல் சாயங்காலமே துணிகட்டி மூடிவைக்கிற ஆள் அவர்.

"எத்தனையோ வருஷம் ஒழுங்கா இருந்தேம்மா. ஒரு தடவை தப்பு பண்ணினதுக்கு இப்படி ஊர் முன்னால நிறுத்துறது நியாயமா?"

சாமியம்மா எழுந்தார்.

"பந்தி போட்டாச்சு. சாப்பிட வாங்க."

*

கூடத்தில் இரண்டு வரிசை இலை. பிள்ளைகளும் இருந்தார்கள். ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் குருசாமி என்கிற பெரியவர், நல்ல பசியோடு உட்கார்ந்திருந்தார்.

மடத்தில் சமைக்கிற இசக்கியம்மாள் சோறு வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு சாம்பார். பிறகு ஒரு கூட்டு. வெளிர் பச்சைத் துண்டுகள், நடுவே கடலைப்பருப்பு.

"இது என்ன கூட்டு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"சுரைக்கா."

"எங்க வாங்கினது?"

"எதுக்கு வாங்கணும்? மாட்டுக்கொட்டாய்க் கூரையில கிடக்கே. ஆடியில நீங்க குடுத்துட்டுப் போன விதைதான அண்ணாச்சி. இன்னைக்குத்தான் முதல் காய் பறிச்சோம்."

குருசாமி கூட்டைச் சோற்றோடு பிசைந்து உருண்டை பிடித்தார்.

ஆவுடையப்பன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாப்பிடாதீங்க."

குருசாமி திகைத்துப் பார்த்தார். எதிர் வரிசையில் ஒரு சின்னப் பெண் வாய்க்கு அருகே கையைக் கொண்டுபோவது தெரிந்தது. ஆவுடையப்பன் எழுந்து நின்றுவிட்டார். அவர் கால் பட்டு இலை கிழிந்தது.

"யாரும் அந்தக் கூட்டைத் தொடாதீங்க."

யாரோ ஏன் என்று கேட்டார்கள்.

ஏன் என்று அவர் சொல்லவேண்டியிருந்தது.

"அது என் விதை. பொட்டலத்துல என் தோட்டம்னு போட்டிருக்கும். எல்லாம் என் தோட்டத்து விதையில்ல. சந்தையில வாங்கிக் கலந்தேன். எது எங்க போச்சுன்னு எனக்கே தெரியாது. கசந்தா விஷம். ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கார்."

பிள்ளைகள் கையை இலையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வரிசைக் கடைசியிலிருந்து சாமியம்மா கேட்டார். "இசக்கி, நறுக்கும்போது ருசி பார்த்தியா?"

"பார்க்காம எப்படிம்மா? சுரைக்கா, வெள்ளரிக்கா எதுன்னாலும் ஒரு துண்டு கடிச்சுப் பார்த்துட்டுத்தான் சட்டியில போடுவேன். எங்க ஆத்தா பழக்கினது. இதுல கசப்பே இல்ல."

சாமியம்மா தன் இலையிலிருந்து கொஞ்சம் கூட்டை எடுத்துச் சாப்பிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாப்பிட ஆரம்பித்தார்கள். குருசாமி கடைசியாக, கொஞ்சம் யோசித்து.

ஆவுடையப்பனால் உட்கார முடியவில்லை. சாமியம்மா கை கழுவிவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது உங்க கண்ணு முன்னால நடந்த பந்தி அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார்.

"மத்த இலையெல்லாம் எந்தெந்த ஊர்ல போட்டிருக்கோ."

ஆவுடையப்பன் சாப்பிடாமலே வெளியே போனார். கிணற்று மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து, ஆடியில் பார்சல் அனுப்பிய விலாசங்களையும் நம்பர்களையும் போனில் எடுத்தார்.

*

அடுத்த ஞாயிறு வந்தபோது, விதை வாங்கினவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பேசி அவர் தொண்டை கட்டியிருந்தது.

நடந்ததைச் சொன்னார். கரூரில் ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனை வைத்தார். நாகர்கோவிலில் ஒரு டீச்சர், கொடியில் இப்போதுதான் பிஞ்சு விட்டிருக்கிறது என்றும் அதைப் பிடுங்க மனசு வரவில்லை என்றும் சொல்லி அழுதார். பிடுங்க வேண்டாம், காயை நறுக்கியதும் நுனிநாக்கில் ஒரு துண்டு வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டுக் கொடியோடு எறிந்துவிடுங்கள் என்று அவருக்கும் மற்றவர்களுக்கும் சொன்னார்.

"இன்னொண்ணு கேளுங்க. எங்களுக்கும் கசந்துச்சு, தூரப் போட்டுட்டோம்னு ரெண்டு மூணு பேரு சொன்னாவ. ஏன் ஒரு வார்த்தை எனக்கு எழுதலன்னு கேட்டேன். எதுக்கு வம்புன்னு இருந்துட்டோம்ங்காவ."

சாமியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் போட்ட ஐந்து நட்சத்திரங்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார். மச்சினனுக்கு அதில் கோபம், பேச்சுவார்த்தை இல்லை. பொய் என்று தான் எழுதிய பதிலை அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினார். அதைப் படித்துவிட்டு இன்னும் சில பேர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். சுரைவிதை விற்பதை நிறுத்திவிட்டார். மற்ற விதைகளையும் யாரும் கேட்கவில்லை.

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?" என்றார் சாமியம்மா.

"சில பேரு நம்பர் மாறிப்போச்சு. சில பேரு எடுக்க மாட்டேங்காவ. அந்தம்மாகிட்ட மட்டும் இன்னும் பேசல."

"எந்தம்மாகிட்ட?"

"ஆவடி."

சாமியம்மா எழுந்தார். வெளியே போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அறையில் ஒரு பாயும் ஆவுடையப்பனும்தான். அவர் நம்பரைப் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அவர் தன் பேரைச் சொன்னார், கடைப் பேரைச் சொன்னார்.

"நான் எழுதினதை எடுக்கச் சொல்லத்தானே கூப்பிடுறீங்க?" என்றார் பிரிசில்லா.

"பெரியவர் எப்படி இருக்கார்ம்மா?"

"வீட்டுக்கு வந்துட்டார். கஞ்சிதான் குடிக்கிறார். எழுந்து நடக்கப் பயப்படுறார்," என்றார்.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். கையிருப்பு தீர்ந்தது, சந்தையில் வாங்கியது, கலந்தது, தெரிந்தே அனுப்பியது. இடையில் எங்கேயும் 'ஆனால்' என்று சொல்லவில்லை. எதிர்முனையில் ஒரு வயதான குரல் யாரும்மா என்று கேட்டது. விதைக்காரர் என்று பிரிசில்லா சொல்வது கேட்டது.

"என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க சார்."

"எழுதினேம்மா. அழிச்சுட்டேன். நான்தான் பொய் சொன்னேன்னு எழுதிட்டேன்."

"பார்த்தேன்."

அந்த வயதான குரல் ஏதோ சொல்வது கேட்டது.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போது நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா எவ்வளவோ ஆறுதலா இருந்திருக்கும். பரவாயில்ல. இப்பவாவது கேட்டீங்களே. மாமாவும் விட்டுடும்மான்னு சொல்றார். நான் எழுதினதை எடுத்துடுறேன்."

ஆவுடையப்பன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதீங்கம்மா," என்றார். "விதை வாங்கின சில பேரு இன்னும் என் போனை எடுக்கல."