மஞ்சமலை ராசாவும் கரடிக் கூண்டும்

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆற்று வளைவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. உர்ர்... சுர்ர்... யாரோ பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இலையோடு உறிஞ்சுகிற மாதிரி.

மஞ்சமலை ராசா தூண்டிலைக் கீழே போட்டார். அரண்மனை வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பு ஒன்று ஆற்றங்கரை மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

ராசாவுக்கு மீன் பிடிப்பதில் அப்படி ஒரு பைத்தியம். வெள்ளிப் பூண் போட்ட தூண்டில், உட்கார மண்டபம், தலைக்குக் குடை எல்லாம் உண்டு. மீன்தான் இல்லை. பட்டம் கட்டிய நாளிலிருந்து ஒரு கெண்டைகூட அவர் தூண்டிலைத் தொட்டதில்லை.

மறுநாள் சபையில் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். ஓடிவந்ததைச் சொல்லவில்லை.

"கரடிதான் மகாராஜா," என்றார் தளவாய் திருமலைக்கொழுந்து. "ராத்திரி கரடி வருகிறது. பகலில் தூண்டில்காரர்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஆற்றை வழித்துவிட்டால் மகாராஜாவுக்கு மீன் ஏது? கரடிக்குக் கூண்டு செய்து வைத்திருக்கிறேன். இந்த ஆட்களையும் குடிசையோடு கிளப்பிவிடலாம். எனக்கென்ன, என்னைக் கண்டால் கரடியே ஓடும். மகாராஜாவுக்காகச் சொல்கிறேன்."

அந்தக் கரையில் தென்னந்தோப்பு வைக்கவேண்டும் என்பது தளவாயின் வெகுநாள் ஆசை. அதை அவர் சொல்லவில்லை.

ராசாவுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்றவள் அடைப்பக்காரி செண்பகவடிவு. அவள் புருஷன் தூண்டில்காரன். குடிசை ஆற்றங்கரையில். தூளியில் மூன்று மாதப் பிள்ளை. வாசலுக்குக் கதவு கிடையாது, சாத்திவைக்க ஓர் ஓலைப்படல்தான். ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். கரடிக்கு அவளைவிடப் பயந்தவர் அந்தச் சபையில் ராசா ஒருவர்தான். ஆனால் குடிசையே போய்விட்டால் பிள்ளையை எங்கே கொண்டு போவது?

"மகாராஜா, கரடிக்கும் எங்களுக்கும் சண்டையே கிடையாது," என்றாள். "பொழுது சாய்ந்தால் ஆறு அதுக்கு. விடிந்தால் எங்களுக்கு. ஒருத்தர் முறையில் ஒருத்தர் தலையிடுவதில்லை."

"அப்படியானால் நேற்று நான் உட்கார்ந்திருந்தது யார் முறையில்?"

"அதை நான் எப்படிச் சொல்வேன்? வெற்றிலை எடுத்துக்கொள்ளுங்கள்."

ராசா வெற்றிலையை வாயில் போட்டார். சிரிப்பை மறைக்க அது வசதியாக இருந்தது.

"வாய் இருக்கிறது உனக்கு. சரி, கேள். தூண்டில் போட எனக்கு அந்திதான் பிடிக்கும். நாளை அந்தியில் எனக்கும் கரடிக்கும் நடுவே இரும்புக் கம்பி இருக்க வேண்டும். என் தூண்டிலில் மீனும் இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் உன் ஆட்கள் இருக்கட்டும். இல்லையென்றால் தளவாய் சொன்னதுதான்."

தளவாய் மீசையைத் தடவினார். "கரடி கூண்டுக்குள் வரவேண்டுமே அம்மா. தாலாட்டுப் பாடிக் கூப்பிடப் போகிறாயா?"

"கூண்டை மட்டும் கொடுங்கள் ஐயா. கம்பி கெட்டிதானே?"

"யானை முட்டினாலும் அசையாது."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம். கரடிக்கு உள்பக்கமா வைப்பார்கள்?"

வடிவு நேரே கொல்லன் பட்டறைக்குப் போய் ஒரு வேலை சொன்னாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஆனாலும் செய்துகொடுத்தான்.

மறுநாள் அந்தி. ஆற்று வளைவில், பெரிய நாவல் மரத்தடியில், தண்ணீரை ஒட்டிக் கூண்டு நின்றது. உள்ளே பட்டு மெத்தையும் வெள்ளித் தூண்டிலும்.

"கரடி எங்கே?" என்றார் ராசா.

"வரும் மகாராஜா. முதலில் தாங்கள் உள்ளே எழுந்தருள வேண்டும்."

"ராசாவையா கூண்டில் அடைக்கிறாய்?" தளவாய்க்குக் குரல் கீச்சிட்டது.

"அடைக்கவில்லை ஐயா. தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்றியாயிற்று. அங்கே உட்கார்ந்து பார்த்தால் காடு, கரடி, தளவாய் எல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கம்."

ராசா உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். "ஆமாம்," என்றார் திருப்தியாக.

வெற்றிலை மடிக்க வடிவும் உள்ளே போனாள். தூண்டிலில் ஒரு நாவல் பழத்தைக் குத்திக் கொடுத்தாள். கரடியே ஓடும் என்று சொன்னவரை உள்ளே கூப்பிடுவது மரியாதையில்லை என்று யாரும் கூப்பிடவில்லை.

உர்ர்... சுர்ர்... கரடி வந்தது. யாரையும் கண்டுகொள்ளாமல் மரமேறிக் கிளையைப் பிடித்து உலுக்கியது. பாதிப் பழம் அதன் வாயில், பாதி ஆற்றில். தண்ணீர் கொதிக்கிற மாதிரி கெண்டை மீன்கள் திரண்டன.

"இத்தனை மீன் என் மண்டபத்துப் பக்கம் ஏன் வருவதில்லை?"

"மகாராஜாவின் பட்டில் கறை படும் என்று அங்கே இருந்த நாவல் மரத்தையெல்லாம் தளவாய் வெட்டினாரே. சாப்பாடு போடாத வீட்டுக்கு மீன் எதற்கு வரும்? கரடி உலுக்கிச் சிந்தியதை நம்பித்தான் நாங்களும் விடிந்து தூண்டில் போடுகிறோம்."

தூண்டில் வளைந்தது. முழங்கை நீளக் கெண்டை. கம்பி இடுக்கில் நுழையவில்லை.

"தளவாய், மீனை எடுத்துக்கொண்டு வாரும்." வடிவு தாழ்ப்பாளை நீக்கி வைத்தாள்.

தளவாய் தண்ணீரில் இறங்கி மீனைக் கட்டிப்பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கரடியும் மரத்தைவிட்டு இறங்கியது. அடுத்த நொடி மீனும் தளவாயும் மெத்தை மேல் இருந்தார்கள். தாழ்ப்பாளைப் போட்டவரும் அவரேதான்.

ராசா சிரித்த சிரிப்பில் கரடி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுக்குப் போனது.

"உன் ஆட்கள் இருக்கட்டும், வடிவு. உனக்கு என்ன வேண்டும்?"

"என் குடிசைக்கு ஒரு மரக்கதவு. உள்பக்கம் தாழ்ப்பாளோடு."

"கரடிக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை என்றாயே?"

"கரடிக்கு முறை தெரியும் மகாராஜா. தாழ்ப்பாள் தளவாய்க்காக."

கதவு வந்துவிட்டது. அன்று இருட்டியதும் வளைவில் உர்ர் என்றது; கூடவே கூண்டிலிருந்து ராசாவின் சிரிப்பு. வடிவு பிள்ளையைத் தூளியில் போட்டு, எழுந்து போய், தாழ்ப்பாளைப் போட்டாள்.