முடிச்சுக் கயிறும் மூன்று ஈட்டிகளும்

"அம்மா, சால்மோக்ஸிஸோட குரல் எப்படி இருக்கும்?"

கேட்டவன் தார்பு. அவன் அம்மா என்று கூப்பிட்டது அவனுடைய குரு தமனையை. அவள் பாலாடைக்கட்டியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவனிடம் நீட்டினாள்.

இரண்டு வருடமாகச் சீடனாக இருக்கிறான். குரு ஒருநாளும் பெரிய பாதியைக் கொடுத்ததில்லை.

விஷயம் இதுதான்.

டேசியர் நாட்டு மலைகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, சால்மோக்ஸிஸ் என்ற தெய்வத்திடம் ஒரு தூதனை அனுப்புவார்கள். ஊரார் எல்லோரும் தங்கள் வேண்டுதலை அவனிடம் சொல்லி வைப்பார்கள். அப்புறம் மூன்று பேர் மூன்று ஈட்டிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் தூதனைக் கையிலும் காலிலும் பிடித்து, ஊஞ்சல் மாதிரி ஆட்டி, வானத்தைப் பார்த்து வீசுவார்கள்.

வானம் வரைக்கும் அவன் போவதில்லை. ஈட்டிகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

அதைச் சாவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். டேசியருக்குச் சாவே கிடையாது. இங்கிருந்து அங்கே போவது, அவ்வளவுதான்.

இந்த முறை தூதனைத் தேர்ந்தெடுக்க, ஆளுக்கொரு கூழாங்கல் போட்டுக் குடுக்கையைக் குலுக்கியபோது வெளியே வந்து விழுந்தது தார்புவின் கூழாங்கல்.

ஊரே கைதட்டியது. ஏனென்றால் தார்பு யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். கழுதைமேல் உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், போன இடத்திலெல்லாம் ஒரு குரலைப் பொறுக்கிக்கொண்டு வருவான். பல் முளைக்கிற குழந்தையின் அழுகை. கோபத்தில் இருக்கும் மாமியார் கதவு சாத்துகிற சத்தம். போர்க்கொடியின் ஊளை.

அந்தக் கொடிக்கு வெண்கலத்தில் ஓநாய்த் தலை, பின்னால் நீளமாகத் துணி வால். திறந்த வாய்க்குள் காற்றுப் புகுந்தால் ஊளையிடும். ஒருநாள் தார்பு புதருக்குள் உட்கார்ந்து அதே மாதிரி ஊளையிட்டதில், ரோமாபுரி வியாபாரி ஒருவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அந்தச் செருப்பு இன்னும் தார்புவின் காலில் இருக்கிறது.

"நம்ம குரலிலேயே போய்ச் சொல்லுவான். தெய்வம் எப்படிக் காது கொடுக்காமப் போகும்?" என்றார்கள்.

தார்புவுக்கும் மனசின் ஒரு மூலையில் ஆசைதான். அவன் பேசிக் காட்டாததில் சால்மோக்ஸிஸின் குரல் ஒன்றுதான் பாக்கி.

மற்ற மூன்று மூலைகளிலும் பயம்.

"மூணு ஈட்டி எதுக்கும்மா? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணுலேர்ந்து தப்பிச்சிட்டா?"

"தப்பிச்சா நல்லதுதானே?"

"தப்பிச்சா நீ கெட்டவன். தெய்வத்துக்கு உன்னைப் பிடிக்கலைன்னு சொல்லிட்டு, வேற ஆளை அனுப்புவாங்க."

"அப்போ செத்தாத்தான் நல்லவனா?"

"போனா," என்று திருத்தினாள் குரு.

தார்பு பாலாடைக்கட்டியைக் கீழே வைத்தான்.

"கயித்தை எடு," என்றாள்.

எடுத்தான். ஊரார் சொல்லி வைத்த ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு முடிச்சு என்று போட்டுப் போட்டு, ஆள் உயரக் கயிறு முழங்கை நீளத்துக்குச் சுருங்கியிருந்தது. முதல் முடிச்சைத் தொட்டு ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"யார் பேசறது?" என்றாள் குரு.

"நான்தான்."

"நீ பேசினா, யாருக்கு என்ன வேணும்னு சால்மோக்ஸிஸுக்கு எப்படித் தெரியும்? அவங்கவங்க குரலில் சொல்லு."

"அதெல்லாம் பிரமாதமாச் சொல்லிடுவேன்."

"சரியா இருக்குன்னு யார் சொல்றது?"

தார்பு யோசித்தான். "வேண்டிக்கிட்டவங்கதான்."

"அப்போ அவங்ககிட்டயே போய்ச் சொல்லிக் காட்டு. 'இதேதான்'னு சொன்னா முடிச்சு இருக்கட்டும். 'இல்லை'ன்னா அவிழ்த்துடு. மூணு நாள் இருக்கு."

"எல்லாரும் இல்லைன்னுட்டா?"

"ஒரு சேதியும் இல்லாம ஒருத்தனை அனுப்பினா, சும்மா எதுக்குடா வந்தேன்னு அவன் கேட்க மாட்டானா? சும்மா யாரையும் அனுப்பறதில்லை. அதுவும் நம்ம வழக்கம்தான்."

சொல்லிவிட்டு, அவன் கீழே வைத்த பெரிய பாதியையும் எடுத்துத் தின்றாள்.

முதலில் முகாத்ரா வீடு.

முகாத்ராவின் அண்ணன் கம்பளித் தொப்பி போடுகிறவர். அந்த ஊரில் பெரிய மனிதர்கள் மட்டும்தான் தொப்பி போடலாம். முகாத்ராவுக்கு வெறும் தலைமுடிதான். தார்பு போனபோது வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணன் உட்பட.

தார்பு இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். மூக்கை உறிஞ்சினான்.

"ம்ஹ்ம். ம்ஹ்ம். தெய்வமே, நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆளில்லை. அண்ணன் குதிரையிலேர்ந்து விழணும். உயிருக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். தொப்பி என் தலைக்கு வர்ற அளவுக்கு விழுந்தாப் போதும். ம்ஹ்ம்."

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார்.

"நான் எங்கடா இப்படி இழுத்து இழுத்துப் பேசறேன்?" என்றார் முகாத்ரா.

"இப்படித்தான் பேசறீங்க," என்றாள் அவர் மனைவி.

"இது என் வேண்டுதலே இல்லை! ம்ஹ்ம். எவனோ சொன்னதை இவன் என் தலையில கட்டறான்!"

"இல்லைதானே?" என்று கேட்டு, தார்பு முடிச்சை அவிழ்த்தான்.

அடுத்தது ஸியா. தேனீ வளர்ப்பவள். போன குளிர்காலத்தில் அவள் புருஷன் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான்.

தார்பு அவள் குரலில் சொன்னான்: "தெய்வமே, என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கார். தேனடை வெட்டுற கத்தியை எங்கே வெச்சார்னு கேட்டுச் சொல்லு."

"இதேதான்!" என்றாள் ஸியா.

தார்புவுக்கு முகம் தொங்கிப்போனது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினான்.

"தார்பு, கொஞ்சம் நில்லு. அவர் என்ன சொல்வார்னு நினைக்கிறே?"

அவன் தாடையைச் சொறிந்துகொண்டான். அவள் புருஷன் அப்படித்தான் சொறிவான்.

"ஏன்டி, ஒரு சாமானைக் காணோம்னா ஊரையே கூட்டுவியா? கூரை இடுக்குல பாரு!"

எது காணாமல் போனாலும் அவன் சொல்வது அதுதான். ஸியா வாயைப் பொத்திக்கொண்டாள். முக்காலியைப் போட்டு ஏறி, கூரை வைக்கோலுக்குள் கையை விட்டாள்.

கத்தி இல்லை. எப்போதோ தொலைந்த அவளுடைய மரச் சீப்பு இருந்தது.

சீப்பைக் கூந்தலில் செருகிக்கொண்டு இறங்கினாள். பிறகு அவளே கயிற்றை வாங்கித் தன் முடிச்சை அவிழ்த்தாள்.

"கத்தி கிடக்கட்டும். இன்னொரு தடவை திட்டு."

திட்டினான்.

அதற்குப் பிறகு தார்பு நடக்கவில்லை, ஓடினான்.

மருமகளுக்கு வாயடைத்துப் போக வேண்டும் என்று வேண்டிய மாமியார், மருமகள் எதிரே தன் குரலைக் கேட்டு அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டாள். இடி இடிக்கும்போது மேகத்தைப் பார்த்து அம்பு விடுகிற வீரன் ஒருவன், அந்த அம்பு தன் ஆட்டின் மேலேயே விழுந்ததைத் தெய்வம் மறந்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தான். அது ஆட்டுக்குட்டிகள் வரைக்கும் கேட்டுவிட்டது. சிலர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "விடுடா, நானே பார்த்துக்கறேன்," என்றார்கள்.

கயிறு நீண்டுகொண்டே வந்தது.

மூன்றாம் நாள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முடிச்சு. பிராசுவின் முடிச்சு.

பிராசு மலை மாதிரி ஆள். அவன் தும்மினால் அடுத்த குன்றில் ஆடு மிரளும். மூன்று ஈட்டிக்காரர்களில் ஒருவன். தார்பு போனபோது ஈட்டியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தான்.

அவன் வேண்டுதலை மட்டும் கழுதைக்குப் பின்னால் நின்று, யாருக்கும் கேட்காமல் சொல்லியிருந்தான். தார்பு அதே கிசுகிசுப்பில் சொன்னான்.

"தெய்வமே, அன்னைக்கு என் கை நடுங்கக் கூடாது."

தீட்டுகிற சத்தம் நின்றது.

"இல்லைன்னு சொல்லேன், பிராசு."

"எப்படிடா சொல்றது? இதேதானே."

"வேற யாரோ சொன்னதா இருக்கலாமே?"

"இதேதான்டா," என்றான் பிராசு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தீட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் உச்சி வேளை. நல்ல காற்று. கம்பத்தின் உச்சியில் வெண்கல ஓநாய் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"எத்தனை முடிச்சு?" என்று கேட்டாள் குரு.

"ஒண்ணு."

கூட்டம் முணுமுணுத்தது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுன்னாலும் சேதி சேதிதானே! ம்ஹ்ம். தூக்குங்கப்பா!" இது முகாத்ரா.

தூக்கினார்கள். ஈட்டிகள் நிமிர்ந்தன. ஒரு தடவை ஆட்டினார்கள். இரண்டாவது தடவையும் ஆட்டினார்கள்.

"இருங்க," என்றாள் குரு. "என்ன சேதி போகுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும். தார்பு, சொல்லு."

நாலு பேர் கையில் தொங்கியபடியே சொன்னான், அதே கிசுகிசுப்பில்.

"தெய்வமே, அன்னைக்கு என் கை நடுங்கக் கூடாது."

பிராசு கிசுகிசுத்து அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் ஈட்டி முனை நடுங்கி வானத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தது.

குரு அவன் அருகில் போனாள்.

"பிராசு, அதைக் கீழே வை."

"வெச்சா..."

"வெச்சுத்தான் பாரேன்."

வைத்தான்.

குரு அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். கருங்கல் மாதிரி இருந்தது, அசைவே இல்லை. "வேண்டினது இங்கேயே கிடைச்சிடுச்சே, இனி அனுப்ப ஏது சேதி?" என்றாள்.

அதைப் பார்த்த வியப்பில் நாலு பேரும் பிடியை விட்டுவிட்டார்கள். தார்பு பொத்தென்று புல்லில் விழுந்தான். விழுந்த இடத்திலேயே கிடந்து, கடைசி முடிச்சை அவிழ்த்தான்.

காற்று நின்றது. ஓநாய் வாயை மூடிக்கொண்டது. முகாத்ராகூடத் தொண்டையைச் செருமவில்லை.

குரு குனிந்தாள்.

"சால்மோக்ஸிஸோட குரல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னியே."

"ஆமாம்மா."

"கேட்டுச்சா?"