திறக்காத இடது கை

ஆற்றங்கரை மடத்தில் விதை அறைக்கு வீரணர்தான் காவல். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சுரைக்குடுக்கையில் எந்த விதை என்று தொட்டே சொல்லிவிடுவார்.

அவற்றில் ஒரு குடுக்கையில் வரி அவரை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் அந்த விதை கிடையாது.

வெள்ளிக்கிழமைதோறும் இரு கரையிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். விதை பொறுக்கவும், சாம்பலில் புரட்டவும், குடுக்கையில் அடைக்கவும் குரு சொல்லித் தருவார். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி வெயிலில் காயப்போடுவது பிள்ளைகளின் வேலை.

மாசியில் ஒரு நாள் வீரணர் ஒரு சிறுமியைத் தரதரவென்று இழுத்து வந்தார்.

"சாமி, திருட்டு!"

அவளுடைய வலது கையை விரித்துக் காட்டினார். ஏழு வரி அவரை.

"அக்கரை மாயழகு பேத்தி ராக்கு. வேற யாருக்கு இந்தப் புத்தி வரும்? மடைய அடைச்சு என் வயல் தண்ணியத் திருப்பினவன் இவ தாத்தன். பதினெட்டு வருசமாச்சு. பயிர் கருகினது இன்னும் என் கண்ணுல நிக்குது."

"எத்தனை பிள்ளைங்க எடுத்தாங்க?" என்று குரு கேட்டார்.

"இவ ஒருத்திதான்."

குருவின் முகம் வாடியது. "ஒருத்திதானா?"

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று வீரணருக்குச் சந்தேகம் வந்தது.

"திருடி நட்ட விதை நல்லா காய்க்கும்னு மூணு வருசமா இதுங்களுக்குச் சொல்லிட்டு வர்றேன். ஒருத்தியாவது கேட்டாளே," என்றார் குரு.

பிள்ளைகள் சிரித்தார்கள். வீரணர் சிரிக்கவில்லை. ஏழு விதையையும் பிடுங்கிக் குடுக்கையில் போட்டார். அதன் வாயைக் களிமண்ணால் பூசினார். மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

பங்குனியில் பிள்ளைகள் விதை காயப்போட வந்தார்கள்.

"மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க. இந்தப் பெட்டிய ஒருத்தரும் தொடக்கூடாது."

சித்திரையில் குருவே கேட்டார். "அவரைக்கு வெயில் காட்ட வேண்டாமா?"

"வெயில் பட்டா திருடன் கண்ணும் படும் சாமி."

குரு மற்றக் குடுக்கைகளை வெயிலுக்கு எடுத்துப் போனார்.

ஆடி பிறந்தது. விதைக்கிற நாள். பிள்ளைகள் சுற்றி நிற்க, வீரணர் பெட்டியைத் திறந்தார். குடுக்கையைத் தூக்கினார். எடையே இல்லை. களிமண்ணைத் தட்டி உடைத்து முறத்தில் கவிழ்த்தார்.

மாவு கொட்டியது.

மாவுக்குள்ளிருந்து வண்டுகள் ஊர்ந்து வந்தன. ஒவ்வொரு விதையிலும் ஓட்டை. விரலில் எடுத்தால் தோல் மட்டும் நொறுங்கியது.

வீரணர் இரண்டு கையாலும் மாவைத் துழாவினார். திரும்பத் திரும்பத் துழாவினார்.

"ஒண்ணுகூட இல்ல சாமி. ஒண்ணுகூட..." "பூட்டித்தானே வச்சேன்! சாவி என் இடுப்புலதானே இருந்தது! இது எப்படி உள்ள போச்சு?"

"வெளியிலேருந்து போகல. நீங்க பூசி அடைக்கும்போதே உள்ள இருந்தது, முட்டையா. வெயில் பட்டிருந்தா செத்திருக்கும்," என்றார் குரு.

வீரணர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வண்டு அவர் மணிக்கட்டில் ஏறியது. அதைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து ராக்கு வந்தாள். கையில் சாம்பல் படிந்த ஒரு துணி முடிச்சு.

"எங்கிட்ட ஒன்பது இருக்கு."

"பொய்! ஏழையும் நான்தானே பிடுங்கினேன்!"

"நீங்க இந்தக் கையத்தான் தொறந்தீங்க." வலது கையைக் காட்டினாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். "இதத் தொறக்கவே இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"தாத்தாதான் அமாவாசைக்கு அமாவாசை காய வச்சாரு. ஏது இதுன்னு கேட்டாரு. சொன்னேன். வீரணன் காவல் காத்த விதையான்னாரு. அன்னையிலேருந்து காயுற நாள்ல கோழியக்கூட முற்றத்துல விடுறதில்ல. பக்கத்துலயே குச்சிய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

வீரணர் குருவைப் பார்த்தார். "மாயழகு வீட்டுலேருந்து வந்ததையா நான் வாங்கணும்?"

குரு முறத்தை எடுத்து, வண்டுகளை வெயிலில் உதறினார்.

வீரணர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே வலது கையை மட்டும் சிறுமியின் பக்கம் நீட்டினார். இடது கை இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது.

ராக்கு முடிச்சை அவிழ்க்காமல் நின்றாள்.

"வீரணரே," என்றார் குரு. "இன்னொரு கையையும் தொறங்க."