மூங்கிலுக்குள் ஐந்து முட்டைகள்

களக்காட்டு மலைச்சரிவில் ஒரு சிறிய மடம். குரு தவமணி அம்மை. சீடன் ஆவுடையப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. மறுநாள் அவனுக்குக் காவி கொடுப்பதாக இருந்தது.

அன்று மதியம் அவனுடைய ஒரே மகள், எட்டு வயது கோமு, தன் மாமாவோடு வந்து அடிவாரத்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அப்பாவைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று சொல்லியனுப்பினாள்.

ஆவுடையப்பன் கீழே போகவில்லை. குருவிடம் வந்தான். மனது கேட்கவில்லை, அதனால்தான் வந்தான்.

"பாக்க முடியாதுன்னு சொல்லிட்டேன் அம்மா. சரிதானே?"

"எதை வச்சு முடிவு பண்ணினீங்க?"

"நம்ம குளத்துத் தவளையை வச்சுதான்." அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உதாரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் துறவு பூணப் போகிறவனுக்கும் நாக்கு நீளும். "மழை பேஞ்சா ஆண் கத்திக் கத்திக் கூப்பிடுது. பெண் வந்ததும் முதுகுல ஏறிக் கெட்டியாப் பிடிச்சுக்கிடுது. முட்டை போட்டாச்சுன்னா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போயிருது. திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கு ஏது பற்று?"

அம்மை எழுந்து மூங்கில் புதருக்கு நடந்தார். அவனும் பின்னால் போனான். ஒரு மூங்கிலின் கணுவுக்கு மேலே சின்னக் கீறல் இருந்தது. அம்மை அதில் டார்ச் அடித்தார்.

"பாருங்க."

உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு பச்சைத் தவளை. பக்கத்தில் வெந்த ஜவ்வரிசி மாதிரி ஐந்து முட்டைகள்.

"தாயா அம்மா?"

"தகப்பன். இங்க இருந்துதான் கூப்பிட்டுச்சு. பெண் வந்து முட்டை போட்டுட்டுப் போயிட்டு. இது இருக்கு."

"எத்தனை நாளா?"

"இருபது நாளா."

"வெளியவே வராதா?"

"இரை தேடக் கொஞ்ச நேரம் வரும். உடனே திரும்பிரும்."

"திரும்பலேன்னா?"

"வேற தவளை புகுந்து முட்டையைத் தின்னுரும்."

ஆவுடையப்பன் இன்னொரு முறை குனிந்து பார்த்தான். தவளை அசையவில்லை.

"அப்ப குளத்துத் தவளை செஞ்சது தப்பா?"

"தப்பில்ல. அது ஆயிரம் முட்டை போட்டுச்சு. மீன் தின்னது போக, வெயில்ல காஞ்சது போக, ஒரு பத்தாச்சும் தேறும். இதுக்கு அஞ்சுதான்."

அம்மை டார்ச்சை அணைத்தார்.

"உங்களுக்கு எத்தனை?"

மணி மூன்றரை தாண்டியிருந்தது. ஆவுடையப்பன் அடிவாரத்துக்கு இறங்கும் மலைப்படிவரைக்கும் நடந்தான். அதற்குப் பிறகு ஓடினான்.