பூனை வந்து காலை உரசுவது ஏன்?

அந்தக் காலத்தில், ஆடு மாடு நாய் பூனை எல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வம்சம் தெரியாத உயிர் எதுவும் பொழுது சாய்ந்தபின் ஊருக்குள் இருக்கக் கூடாது.

அந்த ஊரில் தனியாக வாழ்ந்த மாரக்காள் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. விதைநெல்லைத் தின்றுகொண்டிருந்த எலிகள் மூன்றே நாளில் ஓடிப்போயின. அதைவிட, பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஊர் சும்மா விடுமா? மாட்டுக்குச் சுழி பார்க்கும் வெள்ளையப்பனைக் கூட்டி வந்துவிட்டார்கள். பாவம், அவருக்குத் தெரிந்தது மாடு ஒன்றுதான். பூனையின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். சுழி தேடினார். திமிலைத் தடவப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் குழம்பினார்.

"முதுகுல வரி ஓடுது. புலி வம்சம்," என்றார்.

"இடி இடிச்சா அடுப்புக்குள்ள போய் ஒளியுதே அண்ணே," என்றாள் மாரக்காள்.

"பகல் பூரா தூங்குதுல்ல? அப்போ மலைப்பாம்பு வகையறா."

"கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல. அரண்மனைப் பூனையா இருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பிச்சம்மா.

"உன் தாய் யாரு?" என்று பூனையிடமே கேட்டார் வெள்ளையப்பன்.

"தெரியாதுங்க. கண்ணு திறந்தப்போ பக்கத்துல யாருமே இல்ல."

அந்த ஊரில் தாய் தெரியாத கன்றை ஊர்க் காவல் நாய்தான் மோந்து பார்த்து, எந்த வாசம் அடிக்கிறதோ அந்த வம்சம் என்று சொல்லும். அது சொன்னதுதான் முடிவு. நாய் வந்து மோந்தது.

"எலி வாசந்தான் அடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பூனைக்கு எலி வம்சமா? அப்படியே இருந்தாலும் எலிக்கு ஊருக்குள் இடம் ஏது? வெயில் இறங்கிவிட்டது. "ஆத்துக்கு அக்கரையில கொண்டு விட்டுரு தாயி," என்றார் வெள்ளையப்பன். மாரக்காள் குட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

அது பிடி கொடுக்கவில்லை. அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கன்னத்தை உரசியது, விலாவை உரசியது, வால் நுனி வரை உரசியது. பிறகு நாயின் முன்னால் போய் நின்றது.

"இப்போ மோந்து பாருங்கண்ணே."

நாய்க்குப் பூனையைக் கண்டால் ஆகாது. ஆனாலும் பொய் சொல்லத் தெரியாது.

"மாரக்காள் வாசம் அடிக்குது," என்றது வேண்டா வெறுப்பாக. "இது அவ வம்சம்."

மாரக்காள் அழுதுவிட்டாள். வெள்ளையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று முதல்தான், நாம் எங்கேயாவது போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் பூனை ஓடிவந்து காலை உரசுகிறது. அது என்ன வகைப் பூனை என்று இன்றைக்கும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். நம்மைக் கேட்டு என்ன பயன்? அதுதான் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதே.