புரி கட்டிய சுரைக்காய்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், பூவாத்தாள் என்றொரு முயல் இருந்தாள். புருஷன் இல்லை; போன கோடையில் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. மூன்று குட்டிகள் வேறு. ஆனாலும் பாருங்கள் பிள்ளைகளே, அந்த வளையில் ஒருநாளும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை!

எல்லாம் வளைக்குப் பின்னால் இருந்த தோட்டத்தின் தயவு. வேலியில் பசலைக்கொடி, மூலையில் ஒரு முருங்கை, பந்தலில் சுரை. காலையில் கிள்ளிய கீரை மதியம் கூட்டாகிவிடும். சுரைக்காய்த் தோலைக்கூட வீசமாட்டாள், துவையல் அரைத்துவிடுவாள். கடைப்பக்கம் போகிற வேலையே அவளுக்கு இல்லை.

பந்தலில் முதலில் பிடித்த பெரிய காயை மட்டும் அவள் பறிக்கவில்லை. அதன் காம்பில் வைக்கோல் புரி ஒன்றைக் கட்டிவைத்தாள். புரி கட்டியது விதைக்காய்; வீட்டில் யாருக்கு எவ்வளவு பசித்தாலும் அதைத் தொடக்கூடாது. அது கொடியிலேயே முற்றிக் காய்ந்தது. ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலவென்றன. அடுத்த வருஷச் சாப்பாடு முழுவதும் அந்த ஒரு காய்க்குள்தான் இருந்தது.

இதைப் பார்த்து ஒருவனுக்கு வயிறு எரிந்தது. ஆலமரத்தடியில் கடை வைத்திருந்த நரி சிங்காரம்தான் அவன்.

"காடே என் கடைக்கு வருகிறது. இந்த முயல் மட்டும் எட்டிப் பார்க்கிறாளா!" என்று பொருமினான்.

ஒருநாள் கிளி சேதி கொண்டுவந்தது. "பூவாத்தா! உன் நாத்தனார் மருதாயி நாளை வருகிறாளாம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரி, தெரியுமல்லவா?"

சேதி நரியின் காதிலும் விழுந்தது. உடனே ஓடிவந்தான்.

"அம்மாடி, விருந்துக்கு என்ன சமையல்?"

"பசலைக் கூட்டும் சுரைக்காய்ப் பொரியலும்தான் அண்ணே."

நரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அட கண்றாவியே! வேலியில் படர்ந்ததையா விருந்தாளிக்கு வைப்பாய்? புருஷன் போனதும் கீரைக்கு வந்துவிட்டாள் என்று மலை முழுக்கச் சொல்வாளே!"

அந்தச் சொல் அவள் நெஞ்சில் தைத்துவிட்டது. பாவம், ஒண்டியாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு அந்தப் பேச்சைத்தான் தாங்கமுடியாது.

"என் கடையில் பலாச்சுளை இருக்கிறது. வெல்லம் போட்ட அவல் இருக்கிறது. கொண்டுபோ" என்றான் நரி. "பதிலுக்கு அந்தக் காய்ந்த சுரைக்காயைக் கொடு, போதும். எனக்குத் தண்ணீர்க் குடுவை வேண்டும்."

"ஐயோ, அது விதைக்காய் அண்ணே! கொடி வாடப்போகிறது, இனி வேறு காய் முற்றாது. விதையை மட்டுமாவது எடுத்துக்கொண்டு தருகிறேனே?"

"ஊஹூம். நீ ஓட்டை போட்டால் கீறல் விடும். முழுசாகத் தந்தால் தா. இல்லையா, அந்தக் கீரையையே போடு!"

பூவாத்தாள் பந்தலடிக்குப் போனாள். புரியை அவிழ்த்து, காயைப் பறித்துக் கொடுத்தாள்.

நரிக்குக் கொண்டாட்டம். கடைக்குப் போனதும் காயில் ஓட்டை போட்டு, விதைகளைப் பின்புறக் குப்பைமேட்டில் கொட்டினான். "விதை போச்சு! இனி தினமும் என் கடைதானடி உனக்கு!"

மறுநாள் மருதாயி வந்தாள். முழங்கால் வரை புழுதி. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். இலையில் பலாச்சுளையையும் அவலையும் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"என்னடி இது?"

"உங்களுக்காகத்தான் அண்ணி, கடையில் வாங்கினேன்."

"இரண்டு நாள் நடந்து கடைப் பண்டத்துக்கா வந்தேன்? எங்கள் பக்கம் மழை பொய்த்து, தோட்டமெல்லாம் கருகிவிட்டது பூவாத்தா. விதைக்குக்கூட ஒரு காய் மிஞ்சவில்லை. என் தம்பி இருந்தவரைக்கும் உன் பந்தலைப் பற்றித்தான் பேசுவான். உன்னிடம் ஒரு பிடி சுரைவிதை வாங்கிப்போகலாம் என்றுதான் வந்தேன்."

பூவாத்தாள் 'ஓ'வென்று அழுதுவிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

மருதாயி திட்டவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "குடுவைக்குத்தானே கேட்டான்? அப்படியானால் விதையைக் குப்பையில்தான் கொட்டியிருப்பான்! எழுந்திரு" என்றாள்.

எல்லோரும் குப்பைமேட்டுக்குப் போனார்கள். கடையில் நல்ல கூட்டம்.

"என்ன, குப்பை பொறுக்கவா வந்தீர்கள்?" என்று நரி கேலி செய்தான்.

"ஆமாம் ஐயா. உங்களுக்கு வேண்டாததுதானே?" என்று மருதாயி உரக்கக் கேட்டாள்.

இத்தனை பேர் பார்க்கும்போது குப்பையைப் போய்த் தரமாட்டேன் என்பானா? "எனக்கெதற்கு? அள்ளிக்கொண்டு போங்கள்!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் இரண்டு பிடி விதை சேர்ந்தது. வீடு திரும்பி மருதாயி பசலைக் கூட்டை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பலாச்சுளை குட்டிகளுக்குப் போயிற்று.

மழை வந்தது. மலைக்கு இரண்டு பக்கமும் சுரைப்பந்தல் எழுந்தது. கைக்கு அகப்படாத விதைகள் குப்பைமேட்டிலும் முளைத்தன. சுரைக்குக் குப்பைமேட்டை விட நல்ல இடம் ஏது? கொடி நரியின் கூரை முழுக்க ஏறிக் காய்த்துத் தள்ளியது. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காயைப் பறித்துக்கொண்டு, உள்ளே நுழையாமலே வீட்டுக்குப் போனார்கள்.

பூவாத்தாள் மட்டும் அந்தக் கூரையில் முதலில் பிடித்த காயைத் தேடி, அதற்கு ஒரு புரி கட்டிவிட்டு வந்தாள்.

நீதி: வீட்டில் விளைந்ததை விருந்துக்கு வைக்க வெட்கப்படாதே, அந்த வெட்கம் விதையையே கைவிடச் செய்யும்.